யூதர்களுக்குத் தனி நாடு: காந்தி ஏன் வேண்டாம் என்றார்?

2023 அக்டோபருக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுக்களில் காந்தி திடீரென்று பிஸியாகிவிட்டார். இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு எப்படியோ, பிரான்ஸ் பிரெஞ்சுக்காரருக்கு எப்படியோ, பாலஸ்தீனம் அரபுகளுக்கு அப்படி என்று அவர் 1938-ல் எழுதியதை ஒரு கோஷ்டி ஃபார்வர்ட் செய்கிறது. ஹிட்லரிடம் கழுத்தை நீட்டச் சொன்னவர்தானே உங்கள் காந்தி என்று இன்னொரு கோஷ்டி பதில் அனுப்புகிறது. இரண்டுமே அவர் சொன்னதுதான். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதை இரு கோஷ்டியும் கண்டுகொள்வதில்லை. அந்த வேர் அவருடைய கடவுள் நம்பிக்கை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

மத நம்பிக்கை ஒருவருடைய இஸ்ரேல் கொள்கையைத் தீர்மானிப்பது புதிதல்ல. அமெரிக்காவில் மார்மன் சபை என்று ஒன்று இருக்கிறது. அதன் அப்போஸ்தலர்களில் ஒருவரான ஆர்சன் ஹைட், 1841 அக்டோபர் 24 அன்று ஜெருசலேமின் ஒலிவ மலையில் ஏறி, யூதர்கள் இந்த மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்று பிரார்த்தனை செய்தார். சியோனிசம் ஓர் அரசியல் இயக்கமாக உருவாவதற்கு ஐம்பது வருடங்களுக்கும் முன்னால்! வேதத்தில் சொன்னது நடந்தே தீரும், நடக்க வைப்பது நம் கடமை என்ற நம்பிக்கை. 1917-ல் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் தருவதாக பிரிட்டன் பால்ஃபர் பிரகடனம் வெளியிட்டபோது பிரதமராக இருந்த லாயிட் ஜார்ஜும் பைபிளோடு வளர்ந்தவர்தான்.

காந்தியிடம் மதம் இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்தது. அது எப்படி என்பதற்கு முன், அவரிடம் மதமும் அரசியலும் எந்த அளவுக்குப் பின்னிக் கிடந்தன என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று. 1919 மார்ச்சில் ரவுலட் சட்டத்தை எதிர்ப்பது எப்படி என்ற யோசனையோடு மெட்ராஸ் வந்தார். கதீட்ரல் ரோட்டில், ராஜாஜி குடியிருந்த வீட்டில் தங்கினார். கஸ்தூரிரங்க ஐயங்காருக்குச் சொந்தமான வீடு. அங்கே ஒரு விடியற்காலையில் தூக்கமும் விழிப்புமான நிலையில் கனவுபோல ஒரு யோசனை வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். நாடே ஒரு நாள் வேலையை நிறுத்தி, உபவாசம் இருந்து, பிரார்த்தனை செய்ய வேண்டும். அதுதான் ஏப்ரல் 6 ஹர்த்தால். நமக்கு ஹர்த்தால் என்றால் கடையடைப்பு. அவருக்கு அது விரதம். வடபழனி கோயிலுக்கு அலகு குத்திக் காவடி எடுத்து வருபவரிடம் ஏன் உடம்பை வருத்திக் கொள்கிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வருமோ, கிட்டத்தட்ட அதே பதிலைத்தான் காந்தியும் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். ஆண்டவனுக்காகப் படும் கஷ்டம் வீண் போகாது.

இந்த நம்பிக்கையின் ஆரம்பம் அம்மா புத்லிபாயின் விரதங்கள். ஆனால் அரசியலுக்கும் இது செல்லும் என்று அவர் தெரிந்துகொண்டது தென்னாப்பிரிக்காவில். அதுவும் பெருமளவு தமிழர்களிடமிருந்து.

எழும்பூர் பாந்தியன் ரோட்டில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். ஆடித் தள்ளுபடிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை நின்று படிக்கிறார்களோ தெரியாது. ஜோகனஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913 போராட்டத்தில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள். வயது 16. சிறைக்குப் போனதற்காக வருத்தப்படுகிறாயா என்று காந்தி கேட்டபோது, இல்லை, மறுபடியும் போவேன் என்றாள். அவளுக்கு முன்பே நாகப்பனும் நாராயணசாமியும் அந்தப் போராட்டத்தில் உயிர் விட்டிருந்தார்கள். 1914-ல் இந்திய நிவாரணச் சட்டம் வந்தது. ஜெனரல் ஸ்மட்ஸ் இறங்கி வந்தார். படிப்பறிவில்லாத கூலிகள் அடி வாங்கியே ஒரு வெள்ளை அரசின் மனதை அசைத்ததை காந்தி கண்ணால் பார்த்தார். அதன் பிறகு அவரிடம் யார் என்ன வாதம் செய்தாலும் எடுபடவில்லை.

அந்தப் போராட்டத்தில் ஒரு யூதரும் ஜெயிலுக்குப் போனார். ஹெர்மன் காலன்பாக். லித்துவேனியாப் பகுதியில் 1871-ல் பிறந்து, ஜோகனஸ்பர்க்கில் பெரிய கட்டடக்கலை நிபுணராக இருந்தவர். 1910-ல் தன்னுடைய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் வாடகையில்லாமல் தங்குவதற்குக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே இருந்தவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். இவர் மரியன்ஹில் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து காந்திக்கும் சொல்லிக் கொடுத்தார். 1913-ல் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார்களே, அந்த நடைப்பயணத்தை ஒட்டி காந்தி, போலக், காலன்பாக் மூன்று பேரும் கைதானார்கள். போலக்கும் யூதர்தான். காந்தியின் செயலாளர் சோன்யா ஷ்லேசினும் யூதர்தான். ஆகவே காந்திக்கு யூதர்கள் மேல் வெறுப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன் வாழ்க்கையிலேயே மிக நெருங்கிய நண்பர்கள் சிலரை அவர் பெற்றது அந்தச் சமூகத்திலிருந்து.

சரி, பாலஸ்தீனத்துக்கு வருவோம்.

இதைப் பற்றி அவர் முதலில் பேசியது கிலாபத் காலத்தில். 1921-ல் யங் இந்தியாவில், பாலஸ்தீனம் இஸ்லாத்தின் புனித பூமியான ஜஸீரத்துல் அரபின் பகுதி, முஸ்லிம் ஆளுகையை விட்டு அது போகக்கூடாது என்று எழுதினார். என்னைக் கேட்டால் அவருடைய வாதங்களிலேயே பலவீனமானது இதுதான். ஒரு மதம் புனிதம் என்று சொல்வதால் ஒரு மண் அவர்களுக்குச் சொந்தம் என்று இங்கே ஒப்புக்கொள்கிறார். பின்னாளில் யூதர்கள் அதே காரணத்தைச் சொன்னபோது மறுத்தார்.

பத்து வருடம் கழித்து, 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் போனபோது ஜூயிஷ் கிரானிக்கிள் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அப்போது வாதம் மாறிவிட்டது. சியோன் என்பது உள்ளத்தில் இருப்பது, உண்மையான ஜெருசலேம் ஆன்மிக ஜெருசலேம், உலகின் எந்த மூலையிலும் ஒரு யூதர் அதை அடையலாம் என்றார். திரும்பிப் போக ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆனால் பிரிட்டனின் துப்பாக்கிமுனையோ சொந்தத் துப்பாக்கிமுனையோ இல்லாமல் போகட்டும் என்றார். மனமே கோயில் என்ற சித்தர் மரபிலும், ராம நாமம் சொன்னால் சேரியும் காசிதான் என்ற பக்தி மரபிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. ஆனால் கேட்டவர்கள் யூதர்கள். அவர்களுடைய தினசரிப் பிரார்த்தனையில் ஜெருசலேம் வெறும் உருவகம் கிடையாது. மழை, அறுவடை, ஓய்வு வருடம் என்று அவர்களின் சட்டங்களில் பல அந்தக் குறிப்பிட்ட மண்ணோடு கட்டப்பட்டவை. காந்தி அவர்களுடைய மதத்தை விளக்குவதாக நினைத்துத் தன்னுடைய மதத்தை விளக்கிக் கொண்டிருந்தார்.

1937-ல் காலன்பாக் இந்தியா வந்தார். 1914-ல் பிரிந்த நண்பர்கள் 23 வருடம் கழித்துச் சந்தித்தார்கள். ஆனால் இந்தத் தடவை நட்பு மட்டும் காரணமில்லை. யூத ஏஜென்சியின் அரசியல் பிரிவுத் தலைவர் மோஷே ஷெர்டோக் (பின்னால் இஸ்ரேலின் பிரதமரான மோஷே ஷரெட்) அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார், காந்தியிடம் நம் தரப்பைச் சொல்லுங்கள் என்று. காலன்பாக் சொன்னார். காந்தியும் பொறுமையாகக் கேட்டு ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதில் தொனி எவ்வளவு மென்மை! பாலஸ்தீனத்தில் ஓர் இல்லம் வேண்டும் என்ற யூதர்களின் ஆசை இயல்பானது, அதில் குறை காண முடியாது. ஆனால் அரபுகளின் மனம் கனியும்வரை காத்திருக்க வேண்டும், ஆயுதப் பாதுகாப்பை உதறிவிட்டு அரபுகளின் நல்லெண்ணத்தையே நம்ப வேண்டும். இந்த அறிக்கை அப்போது பத்திரிகையில் வரவில்லை. காலன்பாக்கிடம் கொடுத்ததோடு சரி. அது 1937-லேயே வெளியாகியிருந்தால் அடுத்த வருடம் வந்த கட்டுரை யூதர்களை இவ்வளவு காயப்படுத்தியிருக்காது என்பது என் எண்ணம்.

அடுத்த வருடம் வந்ததுதான் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை. 1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுக்க யூத ஆலயங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. அதற்குப் பதினோரு நாள் கழித்து, வார்தாவுக்கு அருகே சேகாவ் கிராமத்தில் (பின்னாளில் சேவாகிராம்) உட்கார்ந்து காந்தி எழுதினார். ஹரிஜன் 26 நவம்பர் இதழில் வந்தது. ஃபார்வர்ட் செய்பவர்கள் இதில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். மிச்சத்தில்தான் ஆள் தெரிகிறார்.

ஆரம்பத்திலேயே, என் அனுதாபம் முழுக்க யூதர்களோடு என்கிறார். கிறிஸ்தவ மதத்தின் தீண்டத்தகாதவர்கள் அவர்கள் என்கிறார். இந்துக்கள் தீண்டாமைக்கு மதத்தைத் துணைக்கழைத்த மாதிரியே கிறிஸ்தவர்கள் யூத வெறுப்புக்கு மதத்தைத் துணைக்கழைத்தார்கள் என்று ஒப்பிடுகிறார். மனிதகுலத்தின் பெயரால் நியாயமான போர் ஒன்று இருக்க முடியுமானால் ஜெர்மனிக்கு எதிரான போர்தான் அது என்று வரைக்கும் போகிறார். உடனே, ஆனால் எனக்கு எந்தப் போரிலும் நம்பிக்கையில்லை என்று நின்றுவிடுகிறார். பிறகு, பைபிள் சொல்லும் பாலஸ்தீனம் பூகோளத்தில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது. எந்த நாட்டில் பிறந்தார்களோ அதையே சொந்த நாடாக்கிக் கொள்ளட்டும். தனித் தாயகம் கேட்டால், போய்ச் சேருங்கள் அங்கே என்று ஜெர்மனி விரட்டுவதற்கே அது வசதியாகப் போகும். அரபுகள் வன்முறையில் இறங்கியதை நான் ஆதரிக்கவில்லை, ஆனால் எதிரியின் பலத்தை வைத்துப் பார்த்தால் குறை சொல்லவும் முடியவில்லை.

அப்புறம் தென்னாப்பிரிக்கா. ஜெர்மன் யூதர்களின் நிலைமையும் டிரான்ஸ்வால் இந்தியர்களின் நிலைமையும் ஒன்றுதான் என்கிறார். அங்கேயும் லொகேஷன் என்ற பெயரில் ஒதுக்குப்புறச் சேரிகள், அங்கேயும் வெள்ளையனுக்குச் சமமில்லை என்ற சட்டம். ஒரு கைப்பிடி இந்தியர்கள் செய்ததை, படித்தவர்களும் திறமைசாலிகளுமான யூதர்கள் இன்னும் நன்றாகவே செய்ய முடியும். படுகொலையே நடந்தாலும், தெய்வ நம்பிக்கை உள்ளவனுக்கு மரணத்தில் பயமில்லை, அந்த நாளைக்கூட நன்றி செலுத்தும் நாளாக மாற்ற முடியும்.

இந்தக் கடைசிப் பகுதியைப் படித்தபோது எனக்கு வள்ளியம்மைதான் ஞாபகத்துக்கு வந்தாள். காந்தி பெர்லினைப் பார்த்து எழுதவில்லை. மாரிட்ஸ்பர்க் சிறையைப் பார்த்து எழுதுகிறார்.

பதில் ஜெருசலேமிலிருந்து வந்தது. மார்ட்டின் பூபர் 1939 பிப்ரவரி 24 தேதியிட்டு ஒரு கடிதம், யூதா மாக்னஸ் பிப்ரவரி 26 தேதியிட்டு ஒரு கடிதம். இந்த இரண்டு பேரும் துப்பாக்கி தூக்கிய கூட்டம் இல்லை. பூபர் பெரிய தத்துவ அறிஞர், ஒரு வருடம் முன்புதான் ஜெர்மனியை விட்டு வந்தவர். மாக்னஸ் ரபி, ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் தலைவர், போர் எதிர்ப்பாளர். அரபுகளும் யூதர்களும் சம உரிமையோடு ஒரே நாட்டில் வாழ வேண்டும் என்று தங்கள் சொந்த ஜனங்களிடமே திட்டு வாங்கியவர்கள். காந்தியை மதித்தவர்கள். அதனால்தான் அவர்களுக்கு வலித்தது.

பூபர் கேட்ட கேள்விகளில் இரண்டு எனக்குப் பதில் இல்லாதவையாகத் தோன்றுகின்றன. முதலாவது, உங்கள் ஒன்றரை லட்சம் இந்தியர்களுக்குப் பின்னால் இருபது கோடிக்கும் அதிகமான ஜனங்கள் கொண்ட ஒரு தாய்நாடு இருந்தது, அது அவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. எங்களுக்கு அது எங்கே? தாய்நாடு உள்ள நீங்கள் தாய்நாடு வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லலாமா? இரண்டாவது, சத்தியாகிரகம் என்பது சாட்சி சொல்வது. யாரும் பார்க்காத வதைமுகாமில் சாகிறவனின் சாட்சியை யார் கேட்பது? முதல் கேள்வியைத் தமிழர்களாகிய நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். நடால் கரும்புத் தோட்டத்தில் சவுக்கடி விழுந்தபோது மெட்ராஸில் கூட்டம் போட்டார்கள், பணம் திரட்டினார்கள், கோகலே கப்பலேறிப் போனார். வைஸ்ராய் ஹார்டிஞ்சே 1913 நவம்பரில் மெட்ராஸில் வைத்துத்தான் தென்னாப்பிரிக்க அரசைக் கண்டித்துப் பேசினார். வள்ளியம்மைக்குக் கேட்பதற்கு ஆள் இருந்தது.

இந்தக் கடிதங்களுக்கு காந்தி பதில் எழுதியதாகப் பதிவு எதுவும் இல்லை. அவர் கைக்கு அவை போய்ச் சேர்ந்தனவா என்பதே ஆய்வாளர்களிடையே கேள்விதான். ஆனால் அமெரிக்காவில் ஜூயிஷ் ஃப்ரான்டியர் பத்திரிகை நடத்திய ஹயிம் கிரீன்பர்குக்கு ஹரிஜனில் பதில் எழுதினார், தன் நிலையை மாற்றிக்கொள்ளாமல். ஒரு விஷயத்தில் மட்டும் பின்வாங்கினார். யூதர்கள் தங்களுக்காக அமெரிக்காவும் இங்கிலாந்தும் ஜெர்மனியோடு போரிட வேண்டும் என்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தார். அதற்கு ஆதாரம் தர முடியாததால் 1939 மே மாதம் அதைப் பகிரங்கமாக வாபஸ் வாங்கினார். அதே 1939 தொடக்கத்தில் காலன்பாக் மறுபடியும் வந்து ஆசிரமத்தில் தங்கியிருந்தார். என்னோடு ஒரு யூத நண்பர் இருக்கிறார், அகிம்சையை அறிவால் ஏற்கிறார், ஆனால் ஹிட்லருக்காக என்னால் பிரார்த்திக்க முடியாது என்கிறார் என்று காந்தி பெயர் சொல்லாமல் எழுதினார். அவருடைய கோபத்தோடு தனக்குச் சண்டையில்லை என்றும் சேர்த்துக் கொண்டார்.

இது எல்லாமே முஸ்லிம் ஓட்டுக்கான கணக்கு என்று சொல்பவர்கள் உண்டு. இந்து முஸ்லிம் ஒற்றுமை அவருக்கு உயிர், அது கெடக்கூடாது என்ற எச்சரிக்கை இருந்ததை மறுக்க முடியாது. ஆனால் அதை மட்டும் வைத்து மற்ற விஷயங்களை விளக்க முடியவில்லை. 1932-ல் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனித் தொகுதி வந்தபோது எரவாடா சிறையில் உயிரைப் பணயம் வைத்து உண்ணாவிரதம் இருந்தார். நாங்கள் உங்கள் கருணையை நம்பி எத்தனை காலம் இருப்பது என்பது அம்பேத்கரின் கேள்வி. பூபரின் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். பாகிஸ்தான் கோரிக்கையையும் அவர் கடைசிவரை மனதார ஏற்கவில்லை. அங்கே எதிர்த்தது முஸ்லிம் லீகை. மூன்று இடத்திலும் பயந்துபோன ஒரு ஜனக்கூட்டம், எங்களைப் பிரித்துப் பாதுகாப்புக் கொடுங்கள் என்று கேட்கிறது. மூன்று இடத்திலும் காந்தியின் பதில், பிரியாதே, பக்கத்தில் இருப்பவன் மனதை மாற்று. எதிரிக்குள்ளும் கடவுள் இருக்கிறார் என்று நிஜமாகவே நம்புகிறவனுக்குச் சுவர் கட்டுவது கடவுளைச் சந்தேகிப்பதாகிவிடுகிறது. கணக்குப் போட்டவராக இருந்தால் எங்கேயாவது ஓரிடத்தில் மாறியிருப்பார்.

இந்து மதம் என்றாலே இந்த முடிவுதான் என்றும் சொல்ல முடியாது. சாவர்க்கர் 1923-லேயே தன் இந்துத்துவா நூலில், பாலஸ்தீனம் யூத நாடானால் நமக்கும் மகிழ்ச்சிதான் என்ற பொருளில் எழுதினார். தந்தையர் பூமியும் புண்ணிய பூமியும் ஒன்றாக இருப்பதுதான் தேசம் என்பது அவர் சித்தாந்தம், அதற்கு யூதர்கள் அழகாகப் பொருந்தினார்கள். 1947 டிசம்பரில் இந்தியா ஐ.நா.வில் எதிர்த்து ஓட்டுப் போட்டதைக் கண்டித்து அறிக்கையும் விட்டார். காந்திக்குப் புண்ணிய பூமி மனதுக்குள், சாவர்க்கருக்குக் காலுக்கடியில்.

1946 ஜனவரியில் காந்தி மெட்ராஸ் வந்து தி.நகர் இந்தி பிரச்சார சபாவில் தங்கி, மாலை தோறும் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தினார். அதற்குள் வதைமுகாம்களின் படங்கள் உலகம் முழுக்க வெளியாகிவிட்டன. அந்த வருடம் ஜூனில் அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி ஃபிஷர் அவரிடம் நேரடியாகவே கேட்டார். நம் காலத்தின் மிகப் பெரிய குற்றம் அது என்றார் காந்தி. ஆனாலும் யூதர்கள் தாங்களாகவே கத்திக்குக் கழுத்தைக் கொடுத்திருக்க வேண்டும், பாறையிலிருந்து கடலில் குதித்திருக்க வேண்டும், உலகமே விழித்திருக்கும், எப்படியும் லட்சக்கணக்கில் செத்துத்தானே போனார்கள் என்றார். இதைப் படித்துவிட்டுச் சாதாரணமாக அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. இந்த வாதத்தில் லாஜிக் இருக்கிறது. இரக்கம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அத்தனை இரக்கமுள்ள மனிதரிடம்!

ஆச்சரியம் என்னவென்றால் அதே பேச்சில், பாலஸ்தீனத்தில் யூதர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அரபுகளுக்கு உரிமை உண்டென்றால் யூதர்களுக்கு அதற்கும் முந்திய உரிமை உண்டு என்றும் அவர் சொன்னதாக ஃபிஷர் எழுதியிருக்கிறார். அது வெளியே வந்ததும் பரபரப்பு. காந்தி 1946 ஜூலை 21 ஹரிஜனில் விளக்கம் எழுதினார். உலகம் யூதர்களுக்குக் கொடுமை இழைத்திருக்கிறது, இல்லையென்றால் பாலஸ்தீனம் என்ற கேள்வியே எழுந்திருக்காது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அமெரிக்காவையும் பிரிட்டனையும், இப்போது பயங்கரவாதத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு அந்த மண்ணில் தங்களைத் திணிப்பது பெரும் தவறு என்றார். மறுநாள், ஜூலை 22, ஜெருசலேமில் கிங் டேவிட் ஹோட்டலில் இர்குன் வைத்த குண்டு வெடித்து 91 பேர் செத்தார்கள். அரபுகள், பிரிட்டிஷார், யூதர்கள் எல்லோரும் அதில் அடக்கம். துப்பாக்கி நிழலில் போகாதீர்கள் என்று 1931-லேயே சொன்ன வார்த்தையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஜெர்மனி விஷயத்தில் கண்ணை மறைத்த அதே நம்பிக்கை பாலஸ்தீன விஷயத்தில் ரொம்ப தூரம் பார்த்திருப்பது தெரிகிறது.

1947 மே மாதம் ராய்ட்டர் நிருபர் டூன் கேம்பல் பாலஸ்தீனத்துக்கு என்ன தீர்வு என்று கேட்டார். தீர்க்கவே முடியாத பிரச்சினையாகிவிட்டது போலிருக்கிறது என்றார் காந்தி. எல்லாவற்றுக்கும் மருந்து கைவசம் வைத்திருந்த மனிதரிடமிருந்து இப்படியொரு பதில். யூதர்கள் அரபுகளைச் சந்தித்து நட்பாக வேண்டும் என்பதைத் தவிர அவரிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனப் பிரிவினைக்கு 33 நாடுகள் ஆதரவு, 13 எதிர்ப்பு, 10 நடுநிலை. எதிர்த்த 13-ல் இந்தியாவும் ஒன்று. அதற்கு நேருவின் கணக்குகள் பல உண்டு, அது தனிக் கதை. இஸ்ரேல் 1948 மே 14 அன்று பிறந்தபோது காந்தி இல்லை. இந்தியா 1950-ல் அதை அங்கீகரித்தது, தூதரக உறவுக்கு 1992 வரை ஆனது.

காலன்பாக் இவை எதையும் பார்க்கவில்லை. 1945-ல் ஜோகனஸ்பர்க்கில் காலமானார். அவருடைய சாம்பல் பின்னால் இஸ்ரேலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, கலிலேயா ஏரிக்கரையில் உள்ள தெகானியாவில் புதைக்கப்பட்டது. தெகானியா அங்கே தோன்றிய முதல் கிப்புட்ஸ், எல்லோரும் சேர்ந்து உழைத்துச் சேர்ந்து சாப்பிடும் பண்ணை. ஆரம்பித்த வருடம் 1910. டால்ஸ்டாய் பண்ணையும் அதே வருடம்தான்.